ராவோட ராவா இறங்குற கார்: ஒயில் எங்க போகுது?

கேள்வி (கல்லடியிலிருந்து ஒரு வாசகர்): அண்ணன், எங்கட பெரியப்பா கொழும்பில வச்சிருந்த, ஸ்பிரிங்குக்குப் பதிலா ஒயிலில எழும்பி நிக்கிற சிட்ரோயன் பி.எக்ஸ் 16 கார், 1989ஆம் ஆண்டு மொடல், அவர் காலமான பிறகு எனக்கு வந்திரிக்கு. முதல்ல ரெண்டு மூணு நாள் நிப்பாட்டி வச்சாலும் அப்படியே நிண்ட கார், இப்ப ராவு பத்து மணிக்கு விட்டா விடிய அஞ்சு மணிக்கு பின்பக்கம் நிலத்தோட படுத்துக் கிடக்கு, பின் டயர் மட்கார்ட்டுக்குள்ள பூந்து பாதிதான் தெரியும். ஸ்டார்ட் பண்ணினா ஒரு நிமிசத்தில எழும்பிரும். ஒரு கராஜ்ல காட்டினன், ஸ்பியர் (காஸ் அடைச்ச இரும்புக் குண்டு) எல்லாம் போயிட்டு எண்டு அஞ்சையும் மாத்தினாங்க, பெரிய காசு. இப்ப ஓடுறதுக்கு நல்ல மெத்தை மாதிரி இரிக்கு, ஆனா இறங்குறது அப்படியே இரிக்கு. கீழ ஒயில் ஒழுகின மாதிரி ஒண்டும் தெரியல்ல, எங்கட வளவு கடற்கரை மணல். சேர்விஸுக்குப் போற நேரமெல்லாம் பாஸ் கொஞ்சம் பச்சை ஒயில் ஊத்திவிடுவாரு. இன்னொராள் சொல்றாரு இதெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு ஸ்பிரிங் போடு எண்டு. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதல்ல ஸ்பிரிங் கதையை விடுங்க, அதைக் கடைசியில சொல்றன். உங்கட காசு போனதுதான் எனக்குக் கவலை, ஏனெண்டா இந்த ஒரு பிழையை நான் முப்பது வருசமாப் பாத்துக்கொண்டு வாறன், கார் இறங்குதெண்டா உடனே ஸ்பியரை மாத்துறது. ஸ்பியருக்கும் இறங்குறதுக்கும் சம்பந்தம் இல்ல. இதை நல்லா மனசில வச்சுக்கொள்ளுங்க, கார் கல்லு மாதிரி ஓடுதெண்டா அது காஸ் வியாதி, கார் நிண்ட இடத்தில இறங்குதெண்டா அது ஒயில் வியாதி. உங்களுக்கு ரெண்டும் இருந்திரிக்கு, கராஜ்ல ஒண்டை மட்டும் சுகப்படுத்தி இரிக்காங்க, அதாலதான் இப்ப மெத்தை மாதிரி ஓடிக்கொண்டே ராவைக்கு படுக்குது.

ஏன் அப்படி எண்டா, அந்தப் பந்து மாதிரி இரும்புக் குண்டுக்குள்ள நடுவில ஒரு றப்பர் விரி இரிக்கு, விரிக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் காஸ், மற்றப் பக்கம் ஒயில். இந்தக் காருக்கு ஸ்பிரிங் எண்டு சொல்றது அந்தக் காஸ்தான். பி.எக்ஸ் முன் ஸ்பியருக்கு காஸ் சுமார் 55 பார், உங்கட டயருக்கு அடிக்கிற காத்து ரெண்டு பார்தான், யோசிச்சுப் பாருங்க. வருசக்கணக்கில காஸ் விரிக்கால கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு போகும், போனா ஸ்பிரிங் இல்லாத மாட்டு வண்டில் மாதிரி ஒவ்வொரு குழியும் முதுகில அடிக்கும். ஆனா காரின்ட உயரத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறது காஸ் இல்ல, சிலிண்டருக்குள்ள அடைச்சு வச்சிருக்கிற ஒயில். அந்த ஒயில் எங்கயோ ஒரு வழியில வெளிக்கிட்டுப் போனாத்தான் கார் இறங்கும். அப்ப கேட்க வேண்டிய கேள்வி ஒண்டுதான், ஒயில் எங்க போகுது?

போறதுக்கு ரெண்டே இடம். ஒண்டு வெளிய, நிலத்துக்கு. மற்றது உள்ளுக்க, வால்வுகளுக்கால கசிஞ்சு ரிட்டர்ன் பைப் வழியா திரும்பித் தாங்கிக்கே போறது. ரெண்டாவது எல்லா பழைய சிட்ரோயனுக்கும் கொஞ்சம் இரிக்கும், அது வருத்தம் இல்ல, ஹைட் கொரெக்டர் எண்டு சொல்ற உயரம் பாக்கிற வால்வு, பிரேக் வால்வு எல்லாம் இரும்பும் இரும்பும் உரசி ஓடுற சாமான், றப்பர் சீல் போட்டு இறுக்கின சாமான் இல்ல, அதால ஒரு துளி ரெண்டு துளி எப்பவும் போகத்தான் செய்யும். ரெண்டு நாளில இறங்குறது சரி, ஒரு ராவில முழுசா இறங்குறதுதான் பிழை.

இப்ப எது எண்டு கண்டுபிடிக்கிற வழி சொல்றன், ஒரு சதம் செலவில்ல. சமதரையில காரை விட்டு, எஞ்சினை ஓட விட்டு, சீட்டுக்குப் பக்கத்தில இரிக்கிற லீவரை ஆக உயரத்துக்குப் போடுங்க, கார் முழுசா எழும்பினதும் பொனட்டைத் திறந்து பச்சை ஒயில் தாங்கியில மிதவை எந்தக் கோட்டில நிக்குதெண்டு பாருங்க. மேல் கோடு வரைக்கும் ஊத்தி வைங்க. மறுகா லீவரை நோமலுக்கு எடுத்து, ஒரு கிழமை வழமை போல ஓடுங்க, ராவைக்கு இறங்கட்டும், யாரும் ஒயில் ஊத்த ஒண்ணா. கிழமை முடிய திரும்ப அதே மாதிரி, அதே இடத்தில, ஆக உயரத்தில வச்சுப் பாருங்க. மிதவை அதே கோட்டில நிண்டா ஒயில் வெளிய போகல்ல, உள்ளுக்கதான் சுத்துது. கோடு இறங்கி இருந்தா ஒயில் நிலத்துக்குப் போயிட்டு. இதை உயரத்தில வச்சுத்தான் பாக்கணும், ஏனெண்டா கார் படுத்துக் கிடக்கிற நேரம் சிலிண்டர் ஒயில் முழுக்கத் தாங்கிக்குத் திரும்பி தாங்கி நிறைஞ்ச மாதிரிக் காட்டும், அதைப் பாத்து நிறைய இரிக்கெண்டு நினைக்கிறது பிழை.

ஆனா தம்பி, உங்கட கடிதத்திலேயே பாதிப் பதில் கிடக்கு. பாஸ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஊத்துறாரு எண்டு எழுதி இரிக்கீங்க. உள்ளுக்க மட்டும் சுத்துற ஒயிலுக்கு ஊத்த என்ன தேவை? கீழ ஒண்டும் தெரியல்ல எண்டு எழுதினதோட வளவு மணல் எண்டும் எழுதி இரிக்கீங்க, கல்லடி மணல் ஒரு போத்தல் ஒயிலைக் குடிச்சாலும் விடிய ஒண்டும் காட்டாது, மேல காய்ஞ்சுதான் இரிக்கும். அதால இண்டைக்கு ராவைக்கே ஒரு வேலை செய்யுங்க, பிரிட்ஜ் வாற பெட்டி மாதிரி பெரிய காட்போட் மட்டை ரெண்டை விரிச்சு மூலைகளுக்குக் கல்லு வச்சு அதுக்கு மேல காரை விடுங்க. மட்டையில நாலு டயரும் நிக்கிற இடத்தைப் பேனையால கீறி வைங்க, முன் பின் எண்டு எழுதுங்க. விடிய காரை எடுத்திட்டு மட்டையைப் பாத்தா எந்த டயருக்குப் பக்கத்தில, எவ்வளவு தூரத்தில பச்சை ஊறி இரிக்கெண்டு அப்படியே வரைபடம் மாதிரித் தெரியும். எல்.எச்.எம் எண்டு சொல்ற இந்தப் பச்சை ஒயிலுக்கு ஒரு தனி மணமும் இரிக்கு, எஞ்சின் ஒயிலோட மாறாது.

பி.எக்ஸில பின்பக்கம் ஈரமெண்டா நான் முதல்ல பாக்கிறது மூண்டு இடம். பின் சிலிண்டர் வாயில இரிக்கிற றப்பர் பூட், அது கிழிஞ்சா சீலுக்கால கசியிற ஒயில் தாங்கிக்குத் திரும்பாம நேர நிலத்துக்குப் போகும். ரெண்டாவது ரிட்டர்ன் றப்பர் குழாய்கள், முப்பது வருசத்தில காய்ஞ்சு வெடிக்கும், இது பிரஷர் இல்லாத குழாய்தான், ஒயிலுக்குத் தாங்குற பெற்றோல் குழாய் போட்டு சரிக்கட்டலாம். மூண்டாவதுதான் பெரிய ஆள், பின் சப்பிரேமுக்கு (பின் சில்லுகளைத் தாங்குற இரும்புச் சட்டம்) மேலால போற இரும்பு பைப். அந்த இடத்தில சேறும் உப்பும் போய் இறுகி நிக்கும், கழுவினாலும் போகாது, செஞ்ச நாட்டிலேயே இந்தக் கார்களுக்கு அந்த இடம் துருப்பிடிக்கிறதுக்குப் பேர் போனது, எங்கட பக்கம் ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் வாவி, கேட்கவும் வேணுமா.

மட்டை காய்ஞ்சு கிடந்தா, மிதவையும் இறங்கல்லெண்டா, அப்பதான் உள்ளுக்கப் போகணும். அதுக்கும் காசு தேவையில்ல, பொறுமைதான். ஒவ்வொரு சாமானிலயும் இருந்து வாற ரிட்டர்ன் குழாயைக் கழட்டி ஒரு சோடாப் போத்தலுக்குள்ள விட்டு, எந்தப் போத்தல் கெதியா நிறையுதெண்டு நேரம் பாத்து எழுதுங்க. பின்பக்கம் மட்டும் இறங்குறதால ரெண்டு ஆளில சந்தேகம், பின் ஹைட் கொரெக்டர், மற்றது பிரேக் வால்வு. பிரேக் ஏன் எண்டு கேப்பீங்க, இந்தக் காரில பின் பிரேக்குக்கு பிரஷர் வாறது பின் சஸ்பென்சன் ஒயிலில இருந்துதான், பின்னுக்கு பாரம் கூடினா பிரேக்கும் கூடட்டும் எண்டு செஞ்ச வேலை, அதால பிரேக் வால்வு தேய்ஞ்சாலும் பின்பக்கம் படுக்கும். இதைத் தெரியாம கொரெக்டரை மாத்திப்போட்டு நிண்டவங்களைக் கண்டிரிக்கன்.

இன்னொண்டு, எஞ்சின் ஓடக்க பொனட்டுக்கிட்ட காதை வைங்க, "டிக்" எண்டு ஒரு சத்தம் வரும், அது ரெகுலேட்டர். பிரஷர் 170 பார் வந்தா பம்பை விடுவிக்கும், 145 அளவுக்கு இறங்கினா திரும்பப் பிடிக்கும். எதையும் தொடாம, ஸ்டீரிங்கையும் அசைக்காம நிண்டா ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில அரை நிமிசத்துக்குக் குறையாம இரிக்கோணும். ரெண்டு மூணு செக்கனுக்கு ஒருக்கா டிக் டிக் எண்டா ரெகுலேட்டரில பூட்டி இரிக்கிற, பிரஷரைச் சேமிச்சு வைக்கிற அக்கியுமிலேட்டர் ஸ்பியர்ல காஸ் இல்ல, இல்லாட்டி உள்ளுக்க பெரிய கசிவு. உங்களுக்கு அந்த ஸ்பியர் புதுசு, அதால இப்பவும் கெதியா டிக் அடிச்சா கசிவுதான்.

இனி இதை தயவுசெஞ்சு ரெண்டு தரம் வாசியுங்க. இந்தக் கார் எழும்பி நிக்கக்க அதுக்குக் கீழ தலையோ கையோ வைக்க ஒண்ணா. எழும்பி நிக்கிறது ஒயிலில, ஒரு பைப் விட்டா, இல்லாட்டி வேற ஆள் தெரியாம லீவரைத் தட்டினா, அப்படியே படுக்கும். எங்கட கராஜ்ல என்னோட வேலை செஞ்ச ஒரு ஆளின்ட கை டயருக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவில மாட்டினது, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி எழுப்பித்தான் எடுத்தம், மூண்டு விரல் நசிஞ்சு போச்சு, அந்த ஒரு நிமிசம் அவர் கத்தினது இண்டைக்கும் எனக்குக் காதில இரிக்கு. ஜக் மட்டும் போதாது, பொடிக்குக் கீழ ஸ்டாண்ட் வையுங்க, டயருக்குக் கட்டை வையுங்க. எந்தப் பைப்பையும் ஸ்பியரையும் கழட்ட முன்னம் லீவரை ஆகத் தாழ்வுக்குப் போட்டு, எஞ்சினை நிப்பாட்டி, ரெகுலேட்டரில இரிக்கிற, 12ஆம் நம்பர் சாவி போற ஸ்குரூவை ஒரு சுத்து தளர்த்தி பிரஷரை விடுங்க, புஸ் எண்டு ஒயில் தாங்கிக்கு ஓடுற சத்தம் கேக்கும், அந்தச் சத்தம் அடங்கின பிறகுதான் சாவியைத் தூக்கணும். எஞ்சின் ஓடக்க ஒயில் எங்கால வருதெண்டு விரலால தடவிப் பாக்கவே வேணாம், ஊசி முனை அளவு ஓட்டையால 170 பாரில வாற ஒயில் தோலுக்குள்ள பூந்திரும், பூந்தா மேல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளுக்க சதை அழுகும், அப்படி நடந்தா நோகல்லெண்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மட்டைத் துண்டைப் பிடிச்சுப் பாருங்க.

கடைசியா ஸ்பிரிங் கதை. இந்த முறையை சிட்ரோயன் கொம்பனியில போல் மாஜெஸ் எண்டு ஒராள் உருவாக்கி, 1954இல ஒரு காரின்ட பின்பக்கத்துக்கு மட்டும் போட்டுப் பாத்து, 1955இல டி.எஸ் எண்ட காருக்கு நாலு சில்லுக்கும், பிரேக்குக்கும், ஸ்டீரிங்குக்கும் சேர்த்துப் போட்டாங்க. உங்கட பி.எக்ஸிலயும் பிரேக் அந்த ஒயிலாலதான் வேலை செய்யுது. ஸ்பிரிங் போட்டாலும் பம்ப், ரெகுலேட்டர், அக்கியுமிலேட்டர், பிரேக் வால்வு ஒண்டையும் எறிய ஏலா, எறிஞ்சா பிரேக் இல்ல. அப்ப கசியிற சாமான் அரைவாசி காரிலயே இரிக்கும், நீங்க இழக்கிறது ஓடுற சுகத்தை மட்டும்தான். பெரியப்பா ஆசைப்பட்டு வச்சிருந்த காரை அப்படிக் கெடுக்காதீங்க.

கேள்வி (காத்தான்குடி): அண்ணன், எனக்கிட்டயும் சிட்ரோயன் ஒண்டு இரிக்கு, சான்டியா. பச்சை ஒயில் இஞ்ச கடையில இல்லாம அவசரத்துக்கு சாதாரண பிரேக் ஒயில் அரைப் போத்தல் ஊத்திட்டன். ஓடுது, ஒரு வித்தியாசமும் இல்ல. பிரச்சினை வருமா?

பதில்: வரும் தம்பி, இண்டைக்கே ஓட்டத்தை நிப்பாட்டுங்க. எல்.எச்.எம் எண்டுறது மினரல் ஒயில், அந்தக் காரில இரிக்கிற றப்பர் எல்லாம் மினரல் ஒயிலுக்கு எண்டு செஞ்சது. சாதாரண டொட் பிரேக் ஒயில் வேற சாதி, அது அந்த றப்பரை ஊதப்பண்ணிக் களியாக்கிரும், சீல், ஸ்பியருக்குள்ள இரிக்கிற விரி எல்லாம் போகும். ஒரு நாளில தெரியாது, கிழமைக்கணக்கில தெரியும், தெரியிற நேரம் எல்லாம் சேர்ந்து போகும். தாங்கியைக் கழட்டி ஊத்திக் கழுவுங்க, தாங்கிக்குள்ள ரெண்டு பில்டர் இரிக்கும் அதையும் பெற்றோலில கழுவிக் காய வச்சுப் போடுங்க, புது எல்.எச்.எம் ஊத்தி லீவரை மேல கீழ நாலஞ்சு தரம் போட்டு, திரும்ப ஊத்தி எறிஞ்சு, இன்னொரு தரம் புதுசு. செலவுதான், ஆனா மற்றதைப் பாத்தா ஒண்டுமில்ல. இனிமே ஒரு லீட்டர் பச்சை ஒயில் டிக்கியில கிடக்கட்டும். எங்கட பொடியனுகளுக்கும் சொல்றது இதுதான், பொனட்டுக்குள்ள பச்சைப் பெயின்ட் அடிச்ச சாமானைக் கண்டா பச்சை ஒயிலைத் தவிர வேறொண்டும் கிட்டக் கொண்டு போகாதீங்க. பழைய டி.எஸ்ஸுக்கு மட்டும் முதல் காலத்தில சிவப்பு ஒயில் வந்தது, அதுக்குப் பச்சை கூடாது, பிறகு வந்த சி 5க்கு ஒரேஞ்ச் நிற ஒயில், மூண்டும் மூண்டு சாதி.

நீங்க கேக்கல்ல, ஆனா உங்கட பக்கத்தில வெல்டிங் வேலை கூட நடக்கிறதால சொல்லிவைக்கிறன், காஸ் போன ஸ்பியருக்கு ஒக்சிஜன் சிலிண்டரால அடிச்சுத் தாறன் எண்டு யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு வெளிக்கிடுங்க. ஒக்சிஜனும் ஒயிலும் பிரஷரில சேர்ந்தா வெடிக்கும். நைட்ரஜன் மட்டும்தான்.

கேள்வி (அம்பாறை): அண்ணன், 1968 மொறிஸ் மினி, இடது பக்கம் முன்னும் பின்னும் சேர்ந்து தாழ்ந்து போச்சு, வலது பக்கம் நல்ல உயரம். ஒராள் சொல்றாரு சப்பிரேம் வளைஞ்சிட்டு எண்டு. இதுவும் அந்த ஒயில் காரா?

பதில்: ஒயில் இல்ல, தண்ணி. உங்கட மினி ஹைட்ரோலாஸ்டிக் மினி, அலெக்ஸ் மோல்டன் எண்டவர் உருவாக்கினது, 1962இல 1100 காருக்கு வந்து 1964இல மினிக்குப் போட்டாங்க. இதில பம்ப் ஒண்டும் கிடையாது, தண்ணியும் அல்ககோலும் துருப்பிடிக்காத மருந்தும் கலந்து ஒரேயடியா அடைச்சு வச்சது. ஒவ்வொரு பக்கமும் முன் சில்லும் பின் சில்லும் ஒரு பைப்பால இணைஞ்சிரிக்கும், முன் சில்லு குழியால எழும்பினா தண்ணி பின்னுக்குப் போய் பின்பக்கத்தைத் தூக்கும், அதாலதான் அந்தச் சின்னக் கார் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடாம ஓடுறது. அப்ப ஒரு பக்கம் முன்னும் பின்னும் சேர்ந்து தாழ்ந்தா அந்தப் பக்கத்துத் தண்ணி போயிட்டு, சப்பிரேமில ஒரு பிழையும் இல்ல. காருக்குக் கீழ அடியால ஓடுற பைப்பையும், முன் டிஸ்பிளேசர் (சில்லுக்கு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யிற, தண்ணி அடைச்ச குண்டு) றப்பர் குழாயையும் பாருங்க. சரிக்கட்டினதும் அதுக்கெண்டே உள்ள பம்பால காத்தை முழுக்க உறிஞ்சி எடுத்திட்டுத்தான் தண்ணி அடிக்கணும், காத்தோட அடிச்சா பந்து மாதிரித் துள்ளும். சில்லு நடுவில இருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து சமனாக்குங்க. அதுவரைக்கும் கட்டாயம் ஓடணுமெண்டா ஓடலாம், றப்பர் முட்டில நிண்டு ஓடும், 30 மைலுக்கு மேல போகாதீங்க.

ஊரில கனபேர் இதைக் கழட்டிப்போட்டு சாதாரண மினியின்ட றப்பர் கோன் போடுறாங்க, அதுவும் செய்யலாம், தப்பில்ல, ஆனா ஒரு விசயம் மறக்காதீங்க. ஹைட்ரோலாஸ்டிக் மினிக்கு ஷொக் அப்சோபர் கிடையாது, அந்த வேலையை டிஸ்பிளேசருக்குள்ள இரிக்கிற வால்வுதான் செய்யுது. கோன் போட்டா ஷொக் அப்சோபரும் அதைப் பூட்டுற பிராக்கெட்டும் சேர்த்துப் போடணும். கோனை மட்டும் போட்டு விட்ட ஒரு மினியை நான் ஓட்டிப் பாத்தன், வளைவில விழுந்திருவன் எண்டு பயந்து திருப்பிக் கொண்டுவந்து விட்டன்.

கேள்வி (சாய்ந்தமருது): லேண்ட் குரூசர் நூறு சீரிஸ், உயரம் கூட்டிக் குறைக்கிற பட்டன் உள்ளது. உயரத்துக்கு எழும்பக் கனநேரம் எடுக்குது, ஓட்டமும் கடுமை. பம்ப் மாத்தச் சொல்றாங்க.

பதில்: பம்புக்குக் காசு குடுக்க முன்னம் தாங்கியைப் பாருங்க. எஞ்சின் ஓடக்க ஆகத் தாழ்வில வச்சு தாங்கியில ஒயில் எந்தக் கோட்டில நிக்குதெண்டு குறியுங்க, மறுகா ஆக உயரத்தில வச்சுக் குறியுங்க. காஸ் நல்லா உள்ள குண்டுகள் எண்டா ரெண்டுக்கும் நடுவில சுமார் 14 கோடு வித்தியாசம் வரும், 7க்குக் குறைஞ்சா குண்டுகளில காஸ் முடிஞ்சுது. இன்னொண்டு, இந்த வாகனத்துக்கு முன்னுக்கு டோர்சன் பார் எண்டு இரும்பும் பாரம் தாங்குது, அது வயசாகித் தளர்ந்தா அந்தப் பாரமும் ஒயிலுக்கு மேல விழும், பம்ப் கஷ்டப்பட்டு எழுப்பும், ஓட்டமும் கடுமையாகும். அதை இறுக்கிச் சமனாக்கினாலே பாதி வாகனம் சுகமாகும். உயரம் பாக்கிற சென்சர் முன்னுக்கு ரெண்டு பின்னுக்கு ஒண்டு, அதின்ட கம்பி மூட்டு துருப்பிடிச்சு இறுகி இருந்தாலும் கொம்பியூட்டர் பிழையான உயரத்தைத்தான் படிக்கும், அதையும் கையால அசைச்சுப் பாருங்க. இதுக்கு, உயரம் கூட்டிக் குறைக்கிற இந்த முறைக்கெண்டே உள்ள டொயோட்டா ஏ.எச்.சி ஒயில்தான், பச்சை எல்.எச்.எம் போடாதீங்க.

கேள்வி (சம்மாந்துறையிலிருந்து ஒரு போடியார்): தம்பி, இது கார் இல்ல, மசி 240 உழவு மிசின். கலப்பையைத் தூக்கி வச்சு எஞ்சினை நிப்பாட்டினா கொஞ்ச நேரத்தில இறங்கிரும். எஞ்சின் ஓடக்க தூக்கி வச்சா ஒவ்வொரு நாலஞ்சு செக்கனுக்கும் ஒருக்கா விக்கல் எடுக்கிற மாதிரி ஆடுது. வெதைப்புக் காலம் வருது.

பதில்: போடியார், அதே வியாதிதான், அதால இந்த இடத்திலயே பதில் சொல்றன். நிப்பாட்டினா மெல்ல மெல்ல இறங்குறது பழைய மிசினுக்கு இரிக்கும், ஆனா அந்த விக்கல்தான் உங்களுக்கு உண்மையைச் சொல்லுது. தூக்கின ஒயில் உள்ளுக்க கசியுது, கலப்பையைத் தூக்குற கை கொஞ்சம் இறங்குது, வால்வு அதைக் கண்டு திரும்பத் தூக்குது, திரும்பக் கசியுது. முதல்ல பின் ஹவுசிங்ல ஒயில் அளவும் நிறமும் பாருங்க, வெள்ளத்தில வேலை செஞ்ச மிசின் எண்டா ஒயிலோட தண்ணி கலந்து பால் தேத்தண்ணி மாதிரி இரிக்கும், அப்படி எண்டா அதை மாத்தாம மற்ற ஒண்டையும் தொட வேணாம். ஒயில் நல்லா இருந்தா மேல் மூடியைக் கழட்டி லிப்ட் சிலிண்டரின்ட பிஸ்டன் சீல், பம்பில இருந்து மேல வாற நிக்கிற பைப்பின்ட ஓ ரிங் ரெண்டையும் மாத்துங்க, இது சின்னச் செலவு, பெரும்பாலும் இதிலயே நிண்டிரும், நிக்காட்டிதான் பம்புக்கும் வால்வுக்கும் போகணும். மிசினை நிப்பாட்டினா கலப்பையை நிலத்தில இறக்கி விட்டிட்டுத்தான் இறங்கணும், வளவுக்குள்ள புள்ளைகள் விளையாடுற இடம்.

மறுபடியும் கல்லடி: இந்தப் பக்கம் அச்சுக்குப் போக நாள் இருந்ததால முதல் கடிதம் எழுதின தம்பிக்கு நான் போனிலேயே பதிலைச் சொல்லிட்டன், அவர் செஞ்சு பாத்திட்டு எழுதினது இது: "அண்ணன், மட்டை போட்டன். இடது பின் டயருக்கு முன்னால ஒரு சாண் அகலத்துக்கு பச்சை ஊறி இரிக்கு. ஒரு கிழமையில மிதவை மேல் கோட்டில இருந்து கீழ் கோட்டுக்கு வந்திட்டு. காரை ஸ்டாண்டில ஏத்தி டோர்ச் அடிச்சுப் பாத்தன், சப்பிரேமுக்கு மேலால போற மெல்லிய பைப் ஒண்டு மரப்பட்டை மாதிரி உரியுது, அதில ஒரு இடத்தில துரு கறுப்பா ஈரமா இரிக்கு, துடைச்சிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாக்க மறுகா பச்சையா வியர்க்குது. எங்கட ஊரில ஒராள் பித்தளை வச்சு ஒட்டித் தாறன் எண்டாரு. ஒட்டலாமா?"

பதில்: ஒட்ட வேணாம் தம்பி. துருப்பிடிச்ச இரும்பு அந்த இடத்தில மட்டும் மெலிஞ்சு போகல்ல, நீங்க ஒட்டுற இடத்துக்கு நாலு அங்குலம் தள்ளி அடுத்த மாசம் வியர்க்கும், இது பின் பிரேக்குக்கும் போற ஒயில். பைப்பை முழுசா மாத்துங்க. இது 3.5 மில்லிமீட்டர் பைப், எங்கட கடைகளில கிடைக்கிற சாதாரண பிரேக் பைப் தடிப்புக் கூட, அதின்ட வாய் வடிவமும் வேற. சிட்ரோயன் பைப்பில நுனியைச் சுத்தி ஒரு சின்ன றப்பர் சீல் இரிக்கு, இறுக்கிறது அந்த றப்பர்தான், இரும்பு இரும்போட நசியிறது இல்ல. அதால அந்த நுனியை மெசினில அடிச்சுத் தாற ஆளிட்ட பழைய பைப்பையே கொண்டு போய்க் காட்டி அதே மாதிரிச் செய்யச் சொல்லுங்க, நிக்கல் கலந்த செப்புப் பைப் கிடைச்சா அதில செய்யுங்க, இனி உங்கட கடல் காத்துக்குத் துருப்பிடிக்காது. பூட்டக்க புது றப்பர் சீலை எல்.எச்.எம்மில நனைச்சு, பைப் நுனி நடு ஓட்டைக்குள்ள நேராப் போய் உக்காந்ததைக் கையால உணர்ந்த பிறகுதான் நட்டைக் கையால சுத்தி, கடைசிக் கொஞ்சம் மட்டும் சாவியால. வெறி பிடிச்ச மாதிரி இறுக்கினா சீல் வெட்டுப்படும், மறுகா ஒழுகும்.

பைப்புக்குக் கை போறதுக்கு சப்பிரேமைக் கொஞ்சம் இறக்கணும், பின் போல்ட்டுகளுக்கு இண்டைக்கே துரு இளக்கிற ஒயில் அடிச்சு ரெண்டு நாள் ஊற விடுங்க, இல்லாட்டி போல்ட் முறியும். இறக்கின கையோட பக்கத்தில போற மற்ற பைப்புகளையும் கம்பி பிரஷ்ஷால உரசிப் பாருங்க, பட்டை உரிஞ்சா அதையும் இப்பவே மாத்துங்க, திரும்ப ஒருக்கா சப்பிரேம் இறக்கிற கூலி பைப்பை விடக் கூட. பின் கொரெக்டருக்குப் போற கம்பியின்ட மூட்டையும் கழட்டிச் சுத்தம் செஞ்சு கிரீஸ் போடுங்க, கை அங்கதானே இரிக்கு. எல்லாம் பூட்டி முடிஞ்சு ரெகுலேட்டர் ஸ்குரூவை இறுக்கி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஆக உயரத்தில வச்சு மேல் கோடு வரைக்கும் ஒயில் ஊத்தி, அண்டைக்கு ராவும் அதே மட்டைக்கு மேலயே காரை விடுங்க. பழைய கறைக்கு மேல ஒரு புதுத் தாள் போட மறக்காதீங்க, விடிய எது புது ஈரம் எது பழசு எண்டு குழம்பாது.